வாகை சூட்டுபவர் யாவர்?

மதுரைக்குத் தெற்கே, கண்மாய்க் கரையை அடுத்த சிற்றூர் ஒன்றில் யாம் பயின்ற உயர்நிலைப்பள்ளி உளது. அதன் கூட்ட மண்டபத்துச் சுவரிலே நெடுநாளாக ஒரு மரப்பலகை தொங்கிக் கொண்டிருந்தது. கரிய வண்ணத்தின்மேல் மஞ்சள் எழுத்துக்களால் 'காற்பந்தாட்டம் - ஜில்லாச் சாம்பியன்' என்று தலைப்பிட்டு, அதன்கீழ் 1950க்கு முற்பட்ட மூன்று ஆண்டுகள் பொறிக்கப்பட்டிருந்தன. ஆறாம் வகுப்பிற் சேர்ந்த நாள் முதல் அப்பலகையை அண்ணாந்து நோக்கியே யாம் வளர்ந்தோம். ஆட்டத்தில் தோற்றுத் திரும்பிய நாட்களில் அதனைக் காண நாணினோம். வென்ற நாட்களில் அதன்கீழ் நின்று நிழற்படம் எடுத்துக் கொண்டோம்.

சென்ற கோடை விடுமுறையில் மண்டபத்திற்கு வெள்ளையடிக்கும் பொருட்டு அப்பலகையைக் கழற்றினர். கழற்றிய பலகையை மீண்டும் மாட்டுவதா, வேண்டாவா என்று பழைய மாணவர் கூட்டத்திலே ஒரு வழக்கு எழுந்தது. ஒரு சாரார், "அந்நாளிற் பள்ளிகளுக்கென ஜில்லாப் போட்டி ஒன்று நடைபெற்றதற்குச் சான்று யாது? போட்டியே இல்லாதவிடத்துச் சாம்பியன் எங்ஙனம் தோன்றினார்? பொய்யைப் பிள்ளைகளின் தலைக்கு மேலே தொங்கவிடலாகாது" என்றனர். மற்றொரு சாரார், "முன்னோர் எழுதி வைத்ததை அழிக்க நாம் யார்?" என்று சினந்தனர். கூட்டம் முடிபின்றிக் கலைந்தது. யாம் கல்லூரியில் தமிழ் சிறப்பு வகுப்பிற் பயில்வதை அறிந்த தலைமையாசிரியர், "பழைய ஏடுகளைப் புரட்டுவது உங்களுக்குப் பழக்கமாயிற்றே, அலுவலக அறையிலுள்ள கட்டுக்களைப் பார்த்துச் சொல்லுங்கள்" என்று பணித்தார். அவ்வாறு பார்த்ததும், பார்த்ததனால் எமக்குத் தோன்றியதுமே இக்கட்டுரை.

கட்டுக்களிற் கேடயம் பெற்றதற்கான குறிப்பு ஒன்றும் இல்லை. கிடைத்தவை கடிதங்களே. அண்டை ஊர்ப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் எம் பள்ளித் தலைமையாசிரியருக்கு எழுதிய கடிதம் அவற்றுள் ஒன்று. இன்ன நாளில் நடந்த ஆட்டத்தில் தம் மாணவர் ஒன்றுக்கு இரண்டு கோல் என்ற கணக்கில் தோற்றனர் என்றும், தம்மை முன்னரே வென்ற வேறிரு பள்ளிகளையும் எம் மாணவர் வென்றுவிட்டமையால், அவ்வாண்டின் முதன்மை எம்முடையதே எனத் தாம் ஒப்புவதாகவும் அவர் எழுதியிருந்தார். தோற்றவர் தம் கையால் எழுதிய அவ்வரிகளைக் காட்டிலும் வலிய சான்று வேறு யாது வேண்டும் என்று எமக்குத் தோன்றியது. பலகையிற் கண்ட பட்டம் எம் பள்ளி தனக்குத் தானே சூட்டிக் கொண்டதன்று.

நிற்க. இவ்வாறு ஓர் அலுவலகமும் இன்றிச் சாம்பியன் தோன்றுவது எம் ஊரின் விந்தை மட்டும் அன்று. உலகத்துப் பள்ளி ஆட்டங்கள் பலவற்றின் இளமைப் பருவம் இதுவே. இதற்குத் தலைசிறந்த எடுத்துக்காட்டு அமெரிக்க ஐக்கிய நாடு. அங்கே 'புட்பால்' எனப்படுவது நமது காற்பந்தன்று. நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் வேறோர் ஆட்டம். ஆயினும் அதன் வரலாறு நமக்குப் பயன்படும். 1834இல் மதுரையிலே மிஷன் பணியைத் தொடங்கிய அமெரிக்கத் தொண்டரை அனுப்பிய சங்கத்தின் தலைமையிடம் பாஸ்டன் நகரம். அந்நகரத்து லத்தீன் பள்ளியும் இங்கிலீஷ் உயர்நிலைப்பள்ளியும் 1887 முதல் ஆண்டுதோறும் நன்றியறிதல் திருநாளையொட்டித் தம்முள் பொருது வருகின்றன. அவ்வாட்டத்தில் வெல்வது அவ்வூர்ப் பிள்ளைகளுக்கு எந்தக் கேடயத்தினும் பெரிது.

அந்நாட்டிற் பள்ளிகளின் இறுதிப் போட்டிகளை முறையாக நடத்தும் வழக்கம் பல மாநிலங்களில் மிகப் பிந்தியே வந்தது. ஒஹாயோ மாநிலத்தில் அது 1972இல்தான் தொடங்கிற்று. அதற்கு முன் அங்கே சாம்பியன் இல்லையோ எனின், இருந்தனர். மாஸ்ஸிலன் என்னும் ஊர்ப் பள்ளி, பால் பிரௌன் என்பாரின் பயிற்சியின்கீழ் 1935 முதல் 1940 வரை ஆறாண்டுகள் இடையறாது மாநில முதன்மை பெற்றதாகப் போற்றப்படுகின்றது. அப்பட்டத்தை அளித்தது எந்த இறுதியாட்டமும் அன்று. மக்களும் செய்தித்தாள் எழுதுவோரும் கொண்ட ஒருமித்த எண்ணமே. 1947 முதல் ஒரு செய்தி நிறுவனம் எழுத்தாளரின் வாக்கைத் திரட்டி முதன்மையை அறிவித்து வந்தது. வாக்கால் வந்த வாகை அது.

மாநிலத்தைக் கடந்து நாடு முழுமைக்கும் முதன்மை நாடியவரும் இருந்தனர். 1902ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் சிகாகோ நகரத்து ஹைட் பார்க் பள்ளியார், கீழ்த்திசையிற் சிறந்தவர் எனக் கருதப்பட்ட புரூக்ளின் பாலிடெக்னிக் பள்ளியாரை வரவழைத்துப் பொருதனர். முடிவு யாது? 105க்குப் பூச்சியம்! கீழ்த்திசையார் தம்முள் தாமே ஆடித் தம்மைப் பெரியர் என எண்ணியிருந்த எண்ணம் ஒரு பிற்பகலிற் கரைந்தது. 1939ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று நியூ ஜெர்ஸியைச் சார்ந்த கார்பீல்டு பள்ளியார் மயாமிப் பள்ளியாரை அவர்தம் ஊரிலேயே 16க்கு 13 என வென்று, நாட்டின் முதன்மை தமதே என்றனர். இளம்பிள்ளை வாத நோயை ஒழிக்கும் நிதிக்காக நடந்த ஆட்டம் அது. இவ்விரண்டு ஆட்டங்களுக்கும் பின்னே நாட்டு முழுமைக்குமான முறையான போட்டித் தொடர் இருந்ததில்லை. எனினும் அவ்வூர்களில் அவை இன்றும் பேசப்படுகின்றன.

இனி நம் நாட்டை நோக்குவோம். இங்கே காற்பந்து பள்ளிகளின் வழியாகவே பெரிதும் பரவிற்று. 1891இல் ஸ்ரீநகரத்து மிஷன் பள்ளியில் டிண்டேல் பிஸ்கோ பாதிரியார் பந்தைக் கொணர்ந்தபொழுது, தோலாலான பொருளைத் தீண்டலாகாது என மாணவர் மறுத்த செய்தி யாவரும் அறிந்ததே. எல்லைப்புறத்துப் பன்னு நகரில் மருத்துவத் தொண்டாற்றிய பென்னல் துரை, தம் பள்ளி மாணவரைக் காற்பந்தாட அழைத்துச் சென்ற நெடும்பயணத்தைப் பற்றி 1909இல் வெளிவந்த தம் நூலில் எழுதியுள்ளார். ஆடுவதற்கு ஓர் எதிரணி வேண்டின், அந்நாளில் இரயிலேறித் தேடிச் செல்ல வேண்டியிருந்தது. 1911ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் நாள் கல்கத்தாவில் மோகன் பகான் கழகத்தார் கிழக்கு யார்க்ஷயர் படையணியை 2க்கு 1 என வென்று கேடயம் கொண்டபொழுது, நாடு முழுதும் அவர்களைச் சாம்பியர் எனக் கொண்டாடிற்று. அன்று அனைத்திந்தியக் காற்பந்துச் சம்மேளனம் பிறக்கவில்லை. அது 1937இல் தோன்றியது. மாகாணங்களுக்கிடையே சந்தோஷ் கோப்பை 1941இல் தொடங்கிற்று. பள்ளிகளுக்கோ, பள்ளி விளையாட்டுச் சம்மேளனம் 1954இலும், சுப்ரதோ கோப்பை 1960இலும் வந்தன. ஆதலின் எம் பள்ளிப் பலகையிற் கண்ட மூன்று ஆண்டுகளில் எம் மாணவர் புகத்தக்க நாடளாவிய பள்ளிப் போட்டி ஒன்றும் இருந்திலது. இல்லாத தேர்வில் தேறவில்லை என்று ஒருவரைக் குற்றம் கூறுதல் நேர்மை ஆகுமா?

கடல் கடந்து யாழ்ப்பாணம் செல்வோமாயின் இன்னும் தெளிவான காட்சி ஒன்று உண்டு. அங்கே மத்திய கல்லூரியும் பரி. யோவான் கல்லூரியும் 1904 முதல் ஆடிவரும் கிரிக்கெட்டு ஆட்டத்தை 'வடக்கின் பெரும் போர்' என்பர். இரண்டும் மிஷன்மார் நிறுவிய பள்ளிகள். அவ்வாட்டத்தில் வெல்வதால் இலங்கையின் முதன்மை கிட்டுவதில்லை. ஆயினும் நூற்றாண்டைக் கடந்தும், உள்நாட்டுப் போரால் இடையிடையே தடைப்பட்டும், அது மீண்டும் மீண்டும் தழைத்தது. அலுவலகம் அளிக்கும் பட்டத்திற்காகவே பிள்ளைகள் ஆடுகின்றனர் என்போர் அங்குச் சென்று ஒருமுறை கண்டு வருதல் நலம்.

இதுகாறும் கூறியவற்றால் யாம் பலகையின் பக்கமே முற்றும் சாய்ந்துவிட்டோம் என்று அன்பர்கள் எண்ணலாம். அன்று. எம்மை நிறுத்திய நிகழ்ச்சி ஒன்றை இனிக் கூறுகின்றோம்.

கடிதத்தைக் கண்ட மகிழ்ச்சியோடு, தொண்ணூற்றை எட்டிய பெரியவர் ஒருவரைக் காணச் சென்றோம். பலகையிற் பொறித்த கடைசி ஆண்டின் அணியிலே அவர் தமையனார் ஆடியவர்; இவர் அவ்வணிக்குப் பந்து பொறுக்கிக் கொடுத்த சிறுவர். திண்ணையில் எம்மை இருத்தி மோர் தந்து, கோடையில் நீர் வற்றிய கண்மாய் எவ்வாறு ஆடுகளமாயிற்று என்பதையும், மூங்கிற் கழிகள் நட்டுக் கோல் அமைத்ததையும், வெறுங்காலோடு ஆடியதையும், வண்டி கட்டிக் கொண்டு எதிரூர் சென்றதையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னார். யாம் கடிதத்தைப் படித்துக் காட்டினோம். அவர் கண் கலங்கினார்.

பின்பு யாம், "தாத்தா, அப்படியானால் சுற்றுவட்டாரத்துப் பள்ளிகள் எல்லாவற்றையும் நம்மவர்கள் வென்றார்கள் அல்லவா?" என்று வினவினோம்.

அவர் சற்று நேரம் கண்மாயையே பார்த்துக் கொண்டிருந்தார். "எல்லாவற்றையும் இல்லை, தம்பி. கண்மாய்க்கு அப்பால் இருந்த பள்ளிப் பிள்ளைகளை நாங்கள் அழைக்கவில்லை."

"அவர்கள் ஆட மாட்டார்களோ?"

"நன்றாக ஆடுவார்கள். துணிப்பந்து கட்டி அந்தக் கரையில் ஆடுவதை நான் கண்ணாரக் கண்டிருக்கிறேன். தெரிந்துதான் அழைக்கவில்லை. அழைத்தால் ஆடிய பிறகு ஒரே குடத்தில் தண்ணீர் கொடுக்க வேண்டுமே."

கண்மாய்க்கு அப்பாலுள்ளோர் எச்சாதியார் என்பதை அவர் கூறவில்லை. கூற வேண்டியதும் இல்லை. மதுரைச் சமவெளியிற் பிறந்தோர் எவரும் அதனை அறிவர். யாம் மறுமொழி இன்றி எழுந்து வந்தோம். சட்டைப்பையில் இருந்த கடிதம் அதற்குப்பின் எமக்கு முன்போல் இனிக்கவில்லை.

அமெரிக்கச் செய்தியை மீண்டும் எடுத்துப் பார்த்தோம். 1939இல் நாட்டின் முதன்மைக்காகப் பொருத மயாமிப் பள்ளி, வெள்ளையர் பிள்ளைகளுக்கு மட்டுமே கதவு திறந்த பள்ளி. தென்மாநிலங்களிற் கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளிகள் வேறாகவே இருந்தன. டெக்ஸாஸ் மாநிலத்தில் 1920 முதல் முறையான காற்பந்து முதன்மைப் போட்டி நடந்ததாயினும், கறுப்பினப் பள்ளிகள் அதிற் புகவியலாது, தமக்கெனத் தனிச் சங்கம் அமைத்துத் தம்முள் தாமே ஆடி வந்தன. ஆகவே பூட்டிய கதவு வழக்கத்திற்கு மட்டும் உரியதன்று. அலுவலகமும் அதனைப் பூட்டவல்லது. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. அலுவலகத்தின் விதி எழுத்திற் கிடக்கும். எழுத்திற் கிடப்பதை எதிர்த்து வழக்காடலாம், மாற்றலாம். அழையாமை என்பதோ எந்த ஏட்டிலும் எழுதப்படுவதில்லை. எம் பள்ளிக் கட்டுக்களில் எத்தனையோ அழைப்புக் கடிதங்கள் உள. அனுப்பாத கடிதம் எக்கட்டில் இருக்கும்?

இம்மதுரையிலே சங்கப்பலகை பற்றி ஒரு கதை வழங்குவதை யாவரும் அறிவர். வேற்றூர்ப் புலவர் பலர் வந்து வழக்கிட்டமையால், தகுதியை அளக்கும் பலகை ஒன்று சங்கத்தார்க்கு அருளப்பட்டதென்றும், தக்கார்க்கு மட்டுமே அஃது இடந்தரும் என்றும் கூறுவர். கதையைக் கதையாகவே கொண்டாலும் அதன் உட்கருத்து நமக்கு வேண்டியதே. பலகை வருமுன்னும் பாட்டு இருந்தது; புலமை பலகையாற் பிறந்ததன்று. ஆனாற் பலகை வந்தபின், குலத்தையும் ஊரையும் கேளாமல் எவரும் வந்து அமர்ந்து பார்க்கலாம் என்னும் நிலை உண்டாயிற்று. முறையான போட்டியின் பெருமையும் அதுவே. அது வீரத்தை உண்டாக்குவதன்று; வீரம் எக்கரையில் இருப்பினும் வந்து அமர இடந்தருவது.

இன்று குறுவட்டம், மாவட்டம், மாநிலம் எனப் படிப்படியாகப் பள்ளிப் போட்டிகள் நடக்கின்றன. அரசுப் பள்ளியாயினும் தனியார் பள்ளியாயினும் பெயர் கொடுக்கும் உரிமை உண்டு. எம் பள்ளியும் கண்மாய்க்கு அப்பாலுள்ள பள்ளியும் இப்பொழுது ஒரே பட்டியலில் இடம் பெறுகின்றன. இது சிறிய நன்மையன்று. ஆயினும் பட்டியலில் இடம்பெறுவது வேறு, களத்திற்கு வந்து சேர்வது வேறு. ஆடுகளம் இல்லாத பள்ளி, உடற்பயிற்சி ஆசிரியர் இல்லாத பள்ளி, பேருந்துக் கட்டணத்திற்கு வழியில்லாத பிள்ளை ஆகிய இவர்கள் முதற்சுற்றிலேயே தோற்றவராக எண்ணப்படுகின்றனர். ஆடாமலே தோற்றவர் இவர். வழக்கம் அழையாது விட்டது. அலுவலகம் அழைத்துவிட்டு வழி காட்டாது நிற்கின்றது. இரண்டிடத்தும் வென்றவர், தம்மோடு ஆடாதவரையும் வென்றதாகவே பலகையில் எழுதிக் கொள்கின்றனர்.

தொல்காப்பியனார் வாகைத் திணையைப் போர்வெற்றிக்கு மட்டும் உரியதாக வைக்கவில்லை. அவரவர் தத்தம் கூற்றினைக் குற்றமின்றி மேம்படுத்துவதே வாகை என்பது அவர் கொண்ட பொருள். வெற்றியோடு குற்றமின்மையையும் அவர் வேண்டினார் என்பதை நோக்குக. எம் முன்னோர் வென்றது மெய். தோற்றவர் கடிதம் அதற்குச் சான்று. எம் முன்னோர் அழையாது விட்டதும் மெய்; திண்ணைப் பெரியவரின் சொல் அதற்குச் சான்று. ஒன்றை எழுதி மற்றொன்றை மறைத்தல் வாகையன்று.

ஆகவே எம் கருத்தை இரு சாரார்க்கும் பணிவோடு கூறுகின்றோம். பலகையை அழிக்க வேண்டுவோரே, அது பொய்யன்று. அலுவலகம் இல்லாத காலத்தில் அயலார் மனமுவந்து ஒப்பிய பெருமை அது. அதனை அழித்தால் வெறுங்காலோடு கண்மாயில் ஓடிய பிள்ளைகளுக்கு நாம் அநீதி இழைத்தவராவோம். பலகையை அப்படியே மாட்ட வேண்டுவோரே, அது முழு மெய்யும் அன்று. ஜில்லா என்ற சொல்லுக்குள் கண்மாயின் மறுகரையும் அடங்கும்.

எனவே பழைய பலகை மீண்டும் சுவரேறுக; எழுத்தொன்றும் மாற்றற்க. அதன்கீழ்ச் சிறிய பலகை ஒன்று புதிதாக வைக்கப்படுக. அந்நாளிற் பள்ளிகளுக்கு முறையான போட்டி இருந்ததில்லை என்பதும், எவ்வெப் பள்ளிகளை வென்று இப்பட்டம் பெறப்பட்டது என்பதும், அண்மையிலிருந்த ஒரு பள்ளி அழைக்கப்படவே இல்லை என்பதும் அதிற் குறிக்கப்படுக. இம்மூன்றாவது வரியை எழுத நாணுவோர் இருப்பின், முதலிரண்டு வரிகளையும் எழுதும் உரிமை அவர்க்கு இல்லை என்பது எம் துணிபு.

பலகையோடு நின்றுவிடலும் ஆகாது. பல்லாண்டுகட்கு முன் அனுப்பாது விட்ட கடிதத்தை இவ்வாண்டு அனுப்புதல் வேண்டும். எம் பள்ளித் தலைமையாசிரியர் கண்மாய்க்கு அப்பாலுள்ள பள்ளித் தலைமையாசிரியருக்கு முறைப்படி எழுதட்டும். நாளையும் களத்தையும் அவர்களே குறிக்கட்டும். கேடயம் வேண்டாம், அலுவலர் வேண்டாம், ஆட்டத்தின் முடிவிலே ஒரே குடத்து நீரை இரு அணியாரும் பருகினாற் போதும். தோற்ற பள்ளியின் தலைமையாசிரியர் அன்று மாலையே வென்ற பள்ளிக்கு ஒரு கடிதம் எழுதுக. அக்கடிதம் எப்பள்ளியின் கட்டில் இருப்பினும் எமக்கு ஒன்றே.

இக்கருத்தைத் தலைமையாசிரியரிடம் எழுத்திற் கொடுத்துள்ளோம். அவர் இன்னும் விடை தரவில்லை. பழைய மாணவர் கூட்டம் வரும் கோடையில் மீண்டும் கூடும். இம்மலரைப் படிக்கும் அன்பர்களுள் எம் பள்ளியிற் பயின்றோரும் இருக்கலாம்; அக்கரைப் பள்ளியிற் பயின்றோரும் இருக்கலாம். இருவரையும் வேண்டிக் கொள்கின்றோம். தத்தம் பள்ளிச் சுவரிலுள்ள பலகைகளை ஒருமுறை உற்று நோக்குங்கள். அங்கே பொறித்த பெயர்களைப் போற்றுங்கள். பொறியாது விட்ட பெயர்கள் யாவை என்பதையும் முதியோரிடம் கேட்டறியுங்கள். கேட்பதற்கு அவர்கள் இன்னும் நெடுநாள் இருக்கமாட்டார்கள்.